விருந்தாளி உத்தியோகம் முடிந்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, அம்மாவின் கண் ஒப்பரேசனுக்காகக் கார்த்திகைத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் வந்தவன் இன்னும் திரும்பவில்லை, இந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா வீட்டில்தான் என்று பேச்சோடு பேச்சாக ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தேர்தல் பற்றியும் டொலர் விலை பற்றியும் கேட்டவர்கள் கோபிக்காமல் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க வீட்டு விஷயம்.

கேள்வி: வன்னியில் குளிர்காலமா? இங்கே மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கிற எங்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா?
– ஒரு வாசகர், ரொறன்ரோ

பதில்: சிரிப்பு வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்குள் ஹீற்றர் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது, அதற்குள்ளால் வாடைக்காற்று சொந்தக்காரன் மாதிரி வந்து போகிறது. எங்களுக்குக் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்பது சரி. மாரி இருக்கிறது, அதன் வாலில் பனி இருக்கிறது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு தொடங்குகிற மழை மார்கழி வரைக்கும் இழுக்கும், அப்புறம் தையும் மாசியும் பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்ன கிழவர்களுக்கு மைனஸ் இருபது தெரியாதுதான், ஆனால் விடியப்புறம் இருபது பாகைக்குக் கிட்ட இறங்கினாலே இங்கே காதுக்கு மப்ளர் ஏறிவிடும்.

விளையாட்டாக எடுக்க வேண்டாம். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது அடித்த குளிர்காற்றில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் தரவையில் நின்ற மாடுகள் நூற்றுக்கணக்கில் ஒரே இரவில் விறைத்துச் செத்தன. வெயிலுக்குப் பழகிய உடம்பு, மேலே ஓயாத மழை, ஒதுங்கக் கொட்டில் இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டில் பட்டி காலி. அன்றிலிருந்து மழை இருட்டினால் அம்மா முதலில் பார்ப்பது மாட்டுக்கொட்டிலுக்குப் படங்கு கட்டியாயிற்றா என்பதைத்தான், பிறகுதான் என்னைப் பார்ப்பார்.

கேள்வி: அம்மாவோடு மூன்று மாதம். உண்மையைச் சொல்லுங்கள், பகல் முழுக்க என்னதான் செய்கிறீர்கள்?
– ஒரு வாசகி, வவுனியா

பதில்: முதல் பத்து நாள் ஒன்றும் செய்யவில்லை. செய்ய விடவில்லை. விருந்தாளி உத்தியோகம். வீட்டில் இருக்கிற நல்ல தலையணை எனக்கு, விரால் மீனின் நடுத்துண்டு எனக்கு, அலுமாரியில் இருந்து இறக்கிக் கழுவிய கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணீர் எனக்கு, காது உடைந்த கோப்பை அம்மாவுக்கு. ஒரு கண்ணில் மூடி போட்டுக்கொண்டு மற்றக் கண்ணால் முட்டை பொரிக்க எழும்புகிற மனுஷியைக் கதிரையில் இருத்தி வைப்பதுதான் என் முழுநேர வேலை. இருபது வருடமாக வருடத்துக்கு இரண்டு தரம், மூன்று நாள் நாலு நாள் என்று வந்துபோனபோதெல்லாம் நான் பார்த்தது இந்த உத்தியோகம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, படியில் குந்தி போனைத் தடவிக்கொண்டிருந்தேன். அம்மா கதிரையில் இருந்தபடியே, "சும்மா இருக்கிற நேரம் அந்தத் தேங்காயைத் திருவினால் கை தேயுமோ?" என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்குத் திருவலையில் குந்தியவன் இன்றுவரை எழும்பவில்லை என்று சொல்லலாம். அடுத்த நாள் நல்ல கிளாஸ் அலுமாரிக்குள் போய்விட்டது, காது உடைந்த கோப்பை என் கைக்கு வந்தது. நீங்கள் கேட்ட பகல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

விடியக்காலை நாலரைக்கு எழும்புகிறேன். கொழும்பில் ஏழு மணிக்கு அலாரத்தை அடித்து வீழ்த்துகிற ஆள் நான். இங்கே எழும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, திருவெம்பாவை பத்து நாளும் சங்கும் சேமக்கலமுமாகப் பொடியன்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடிக்கொண்டு வந்ததில் பழகிவிட்டது. அவர்கள் எங்கள் படலையடிக்கு வரமுன் அம்மா லைற்றைப் போட்டுவிடுவார். இந்த வீட்டில் இன்னும் நித்திரை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். சாமிக்குப் பயப்படுவதைவிட அயலுக்குத்தான் கூடப் பயம்.

அதன் பிறகு கிணற்றடி. இதைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் வெள்ளவத்தையில் ஷவரில் குளிக்கிறவர்களுக்குப் புரியப் போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கோடையில் கப்பிக் கயிறு முழுக்க இறக்கினாலும் அரை வாளி கலங்கல்தான் ஏறும். மாரியில் கிணறு முட்டி நிற்கும், குனிந்து வாளியாலேயே மொண்டுவிடலாம். வெளியில் பல்லுக் கிட்டுகிற குளிர், கிணற்றுத் தண்ணீர் மட்டும் இளஞ்சூடு. முதல் வாளியை ஊற்றினால் தோளில் இருந்து ஆவி பறக்கும். அரை மணித்தியாலம் ஊற்றிக்கொண்டே நிற்கலாம், மீற்றர் இல்லை, பில் இல்லை. ஆனால் வெயில் ஏறமுன் போய்விட வேண்டும். ஏழு மணிக்குக் குளித்தால் அது வெறும் குளிப்பு.

குளித்துவிட்டு வந்தால் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணீர், கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. சீனி போட்டுத் தருகிறேன் என்றால் அம்மாவுக்குக் கோபம் வரும். அப்புறம் பேப்பர். கண்ணுக்குக் களை கொடுக்க வேண்டாம் என்று முதல் மாதம் அம்மாவை வாசிக்க விடவில்லை, நான்தான் வாசித்துக் காட்டினேன். தலைப்புச் செய்தி தொடங்கினால், "அதை விடு, கடைசிப் பக்கத்துக்குப் போ" என்பார். மரண அறிவித்தல். கரம்பனைப் பிறப்பிடமாகவும், முள்ளியவளையை வசிப்பிடமாகவும், பாரிஸைத் தற்காலிக வதிவிடமாகவும் என்று நான் ஒரு வரி முடிக்கமுன், அவரின் தமக்கை யாருக்கு வாழ்க்கைப்பட்டவர், எந்தக் காணிப் பிரச்சினையில் பேச்சை விட்டவர், யாருடைய கலியாணத்தில் மறுபடி பேசினவர் என்று ஒரு பரம்பரையே வந்து விழும். ஒரு அறிவித்தலுக்கு முக்கால் மணித்தியாலம். பத்திரிகைக்காரனாக முப்பது வருடம் இருந்திருக்கிறேன், ஒரு செய்தியை இவ்வளவு நேரம் யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை.

மழை அடித்தால் வேலை இல்லை. குசினிக்குத் தகரக் கூரை, பெரிய மழையென்றால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது, அப்போது பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் முற்றத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். விட்டால் தவளை தொடங்கும். வேலியில் கார்த்திகைப்பூ முடிந்து இப்போது காயும் காய்ந்துவிட்டது. வயல்பக்கம் போனால், நான் வந்தபோது முழங்காலுக்குக் கீழே நின்ற காலபோக நெல் மார்கழியில் குடலையாகி, தையில் கதிர் சாய்ந்து நிற்கிறது. ஒரே வயலைத் தொண்ணூறு நாள் தொடர்ந்து பார்த்தது பள்ளிக்கூடத்து வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பின்னேரம் ஆறு மணிக்கு, ஆறுமணிக்குருவி என்று நாங்கள் சொல்கிற அந்த வண்ணக் குருவி பற்றைக்குள் இருந்து இரண்டு தட்டு விசிலடிக்கும். இமயமலை அடிவாரத்தில் இருந்து மாரிக்கு மட்டும் இங்கே வருகிற சீவன். நானும் அந்தச் சாதிதான் என்று அம்மாவிடம் சொன்னேன். "அது ஒவ்வொரு வருசமும் வருது" என்றார்.

இரவில் தாயம். சோகி போட்டு ஆடுகிறோம். கண் சரியாகத் தெரியவில்லை என்ற சாட்டில் அம்மா கட்டத்தைத் தாண்டிக் காய் நகர்த்துவார், ஒப்பரேசன் செய்து ஆறு கிழமை ஆகிவிட்டது என்று நினைவுபடுத்தினால் மற்றக் கண்ணைக் குற்றம் சொல்வார். தூரத்தில் வயல்காவல்காரர் யானைக்கு வெடி போடுகிற சத்தம் கேட்கும். ஒன்பது மணிக்குப் படுக்கை.

இவ்வளவுதான் அம்மா. (வாசகியைத்தான் சொன்னேன், பழக்கதோஷம்.)

கேள்வி: அம்மா வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் தேனாக இருக்கும், ஐந்தாம் நாள் சண்டை. பிறகு கோபத்தோடு பஸ் ஏறி யாழ்ப்பாணம் திரும்பிவிடுவேன். உங்களுக்குச் சண்டையே வரவில்லையா?
– ஒரு மகள், யாழ்ப்பாணம்

பதில்: வரவில்லையா? பிரிட்ஜால் வந்தது. அதற்குள் ஐஸ்கிரீம் பெட்டி பதினாலு இருந்தது, ஒன்றிலும் ஐஸ்கிரீம் இல்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து ஒரு மத்தியானம் முழுக்கத் துப்புரவாக்கினேன். பூஞ்சணம் பிடித்தது என்று நான் எறிந்த ஒரு பொட்டலம், அம்மா நாலு வருடமாக மறுவிதை எடுத்து வைத்திருந்த கத்தரி விதை. சாம்பல் பூசி வைத்திருந்ததைத்தான் நான் பூஞ்சணம் என்று எண்ணியிருக்கிறேன்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாள் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டுக்குச் சொன்னார். "சோறு போட்டாச்சு, தின்னுறவை வந்து தின்னட்டும்" என்று ஆட்டைப் பார்த்துச் சொன்னால் நான் போய்ச் சாப்பிட வேண்டும், சரியா. மூன்றாம் நாள் முன்வீட்டு மாமியிடம் போய் நின்று, அம்மா முன்பு அவருக்குக் கொடுத்த அதே கத்தரியில் இருந்து ஒரு பழம் வாங்கிக்கொண்டு வந்து, விதை பிரித்து, சாம்பல் பூசி, வெயில் காட்டி வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார்.

நீங்கள் ஐந்தாம் நாள் பஸ் ஏறுகிறீர்கள், பிழை அங்கேதான். ஐந்தாம் நாள்வரை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரியாதை காட்டுகிறீர்கள், அதற்கு மேல் பிடிக்க முடியாமல் வெடிக்கிறது. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே போய்விடுகிறீர்கள். அடுத்த முறை இரண்டு கிழமைக்குக் குறையாமல் போங்கள். போனதும் அம்மாவுக்குச் சலிப்பான ஒரு வேலையைக் கேளாமலே கையில் எடுங்கள், எங்கள் வீட்டில் அது தேங்காய் திருவுவதும் கோழிக்கூடும். அம்மாவுக்கு உரிய ஒரு இடத்தைச் செத்தாலும் தொடாதீர்கள். எங்கள் வீட்டில் அது பிரிட்ஜ்.

கேள்வி: மழைநாளில் கூழ் குடித்தோம் என்று எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தீர்கள். ஒடியற்கூழ் செய்முறையை அம்மாவிடம் கேட்டு எழுதுவீர்களா?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: கேட்டேன். "பார்த்துப் போடுறதுதானே" என்றார். ஆகவே நான் பார்த்ததை எழுதுகிறேன், அளவெல்லாம் என் கணக்கு.

ஆறு பேருக்கு ஒரு சுண்டு ஒடியல் மா, அதாவது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. அதை நிறையத் தண்ணீரில் கரைத்து அடையவிட்டு மேல் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இரண்டு தரம் செய்தால் கயர் போகும். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்குத் துண்டு. அவை பாதி அவிந்ததும் நண்டு, இறால், மீன் தலை. முல்லைத்தீவில் இருந்து மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்காரர் நந்திக்கடல் இறால் கொண்டுவந்தால் அம்மா வழக்கமாகச் செய்கிற பேரத்தைச் செய்யாமலே வாங்கிவிடுவார், அதிலிருந்தே அதன் அருமை விளங்கும். பிறகு அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும், கரைத்த புளி, உப்பு. கடைசியில் ஒடியல் மாக்கரைசலை ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும். இறக்கும்போது ஒரு கை முருங்கையிலை.

முத்தையன்கட்டுக் குளத்து மீன் நல்ல மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். "அது கூழில்லை, மாட்டுக் கழனி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். குளத்து மீனை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரிக்கலாம், தப்பில்லை. குடிக்கிற விதம் முக்கியம். கோப்பை வேண்டாம், பனையோலையில் பிளா கோலிக் குடியுங்கள், ஓலையின் மணமும் சேர வேண்டும். சாப்பாட்டுக்கு முன் கூழ் என்று நினைக்கவும் வேண்டாம், கூழ் குடித்த அன்றைக்கு வேறு சாப்பாடு இறங்காது.

கேள்வி: பனங்கிழங்கின் தும்பு பல்லுக்குள் மாட்டாமல் சாப்பிட வழி உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. ஆவணியிலும் புரட்டாதியிலும் விழுகிற பழத்தின் கொட்டையைப் பாத்தி போட்டு, மார்கழி, தையில் கிண்டி எடுத்து அவித்து உங்களிடம் தந்தால், தும்பு உரிக்கிற பஞ்சியையாவது நீங்கள் பார்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அவித்துக் காயவிட்ட புழுக்கொடியலை வாங்கித் தேங்காய்ச் சொட்டோடு கடியுங்கள். பல் உறுதியாக இருந்தால் மட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கும் கண்புரை என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பரேசன் என்றால் நடுங்குகிறார். உங்கள் அம்மாவின் அனுபவத்தை எழுதினால் வாசித்துக் காட்டுவேன்.
– ஒரு மகன், மல்லாவி

பதில்: அம்மாவை அருகில் இருத்தி வாசியுங்கள். அம்மா, கண்ணைக் கழற்றி எடுத்து மேசையில் வைப்பார்கள் என்று எங்கள் அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. விறைக்கச் செய்துவிட்டு, மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைக்கிறார்கள், கால் மணித்தியாலம், இருபது நிமிடம். எங்கள் அம்மா அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார், வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான். அதற்குப் பிறகு நாலைந்து கிழமை சொட்டு மருந்து, கண்ணுக்குள் தண்ணீர் படக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகை கூடாது. உங்கள் வைத்தியர் சொல்வது வேறாக இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது புகைதான். மாரி விறகு என்று பாலையும் முதிரையும் கோடையிலேயே வெட்டி அடுக்கி வைத்திருந்தவரிடம், ஒரு மாதம் காஸ் அடுப்பில் சமைப்போம் என்றால் எப்படி இருக்கும். காஸில் வைத்த குழம்புக்கு உயிர் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார், அந்தக் குழம்பை வைத்தவன் நான் என்பதை மறந்துவிட்டு.

நல்ல பகுதியைச் சொல்ல மறந்தேன். பழைய வில்லை மஞ்சள் பிடித்துப் போயிருக்கும், அதனால் புதியது வைத்ததும் வெள்ளை நல்ல வெள்ளையாகவும் நீலம் நல்ல நீலமாகவும் தெரியும். மூடி எடுத்த அன்று அம்மா கொடியில் காய்ந்த என் நீலச் சாரத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் தெரியுமா. புதுச் சாரமா என்று கேட்டார், அது ஆறு வருடத்துப் பழசு. அப்புறம் சட்டிகளின் அடிக்கரி தெரிந்தது, சுவர் மூலையில் சிலந்திவலை தெரிந்தது, எல்லாம் எனக்கு வேலையாக வந்தது. கடைசியாக என் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "என்ன மோனை, இவ்வளவு நரைச்சுப் போனாய்" என்றார். எனக்கு நரைக்கத் தொடங்கிப் பதினைந்து வருடம்.

கேள்வி: அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து உங்களோடு வைத்திருக்கலாமே? ஏன் அந்தக் காட்டில்?
– ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: கூட்டி வந்தேன். மூன்றாம் மாடி. பதினோரு நாள் இருந்தார். கதவைத் திறந்தால் இன்னொருவரின் கதவு தெரிகிறது என்பதுதான் அவரின் முறைப்பாடு, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காடு என்று சொல்லாதீர்கள், காட்டை வெட்டினதே அவர்தான். 2009 இல் எல்லாரையும் போல எல்லாம் விட்டுவிட்டு நடந்து, செட்டிகுளத்துக் கூடாரத்தில் ஒரு மாரியைக் கழித்து, 2010 இல் திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தில் நாயுருவிப் பற்றைதான் நின்றது. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் காணியை அடையாளம் பிடித்தார்கள். முதலில் தறப்பாள் கொட்டில், பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய், கட்டங்கட்டமாக, மீதிக்கு மாட்டை விற்று, மண் தானே சுமந்து கட்டிய வீடு இது. முற்றத்து மாமரம் அந்த வருடம் வைத்தது. இந்த முறைதான் அதன் கீழ் கதிரை போட்டுச் சாய்ந்திருக்க அம்மாவுக்கு நேரம் கிடைத்தது, அதுவும் கண்ணுக்கு மூடி போட்டதால். மரத்தடியில் நிழல் குளிராக இருக்கிறது என்று ஏதோ தானே புதிதாகக் கண்டுபிடித்ததுபோல எனக்குச் சொன்னார்.

கேள்வி: 2009 க்குப் பிறகு எனக்கு அம்மா இல்லை. மழை பெய்தால் அவர் அவிக்கிற மரவள்ளிக் கிழங்கின் மணம் வருகிறது. உங்களைப்போல எழுதுகிறவர்களை வாசிக்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. கேள்வி என்று ஒன்றும் இல்லை.
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: பதில் என்று என்னிடமும் ஒன்றும் இல்லை. அந்த வருடம் நான் கொழும்பில் பத்திரமாக இருந்தேன், ஆகவே உங்களுக்கு ஆறுதல் சொல்கிற இடத்தில் நான் இல்லை. கோபப்படுங்கள்.

எங்கள் அம்மா செய்கிற ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பிட்டுக்கு மா குழைத்தால் நீத்துப்பெட்டியில் போடமுன் ஒரு பிடியை எடுத்து மூக்கில் வைத்து மணப்பார். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், பழுதா நல்லதா என்று பார்க்கிறார் என்று எண்ணியிருந்தேன். இந்த முறைதான் கேட்டேன். அம்மம்மா அப்படிச் செய்வாராம், ஏன் என்று அம்மாவுக்கும் தெரியாதாம். இப்போது நான் பிட்டுக் குழைக்கும்போது மணக்காமல் போட்டால் கதிரையில் இருந்து ஒரு சத்தம் வரும்.

உங்கள் அம்மா கிழங்கு எப்படி அவிப்பார் என்று எழுதி அனுப்புங்கள். உப்பு எப்போது போடுவார், தண்ணீரை எப்போது வடிப்பார், கூடச் சாப்பிட என்ன சம்பல் இடிப்பார், எல்லாம். செய்து பார்த்துவிட்டு இந்தப் பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.

கேள்வி: மனைவி ஒன்றும் சொல்லவில்லையா?
– குறும்புக்கார வாசகி, திருகோணமலை

பதில்: பொங்கலுக்கு மகளோடு வந்து ஒரு கிழமை நின்றார். நான் பிட்டுக் குழைப்பதையும் கூட்டுவதையும் பார்த்துவிட்டு அம்மாவிடம், "மாமி, இதெல்லாம் இவருக்குத் தெரியும் என்று எனக்கு ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நெடுநேரம் மெல்லிய குரலில் பேசினார்கள். கொழும்பில் எனக்கு நல்ல எதிர்காலம் இல்லை.

கேள்வி: அங்கிருந்து எப்படி வேலை செய்கிறீர்கள்? சிக்னல் கிடைக்கிறதா?
– ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: கோழிக்கூட்டுக்குப் பின்னால், கிழக்கே பார்த்து நின்றால் கிடைக்கிறது. மழையென்றால் கரண்டும் போகும். இந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தால் கோழிகளை மன்னியுங்கள்.

கேள்வி: எப்போது திரும்புகிறீர்கள்?
– பலர்

பதில்: தைப்பொங்கல் முடிந்ததும் என்றுதான் முதலில் சொன்னேன். தைப்பூசத்துக்குப் புது நெல்லில் புதிர் எடுக்க வேண்டும், புதிர்ச் சோறு தின்னாமல் போகிறவன் உண்டோ என்றார் அம்மா, சரி என்று பஸ் சீற்றை மாற்றினேன். புதிரும் எடுத்தாயிற்று, புது நெல்லரிசிச் சோறும் கட்டித் தயிருமாகத் தின்றும் ஆயிற்று. பிறகு, கிழங்குப் பாத்தியில் கடைசி வரிசை கிண்டவில்லை, உனக்குக் கொண்டுபோக ஒடியல் காய வேண்டும் என்றார். மறுபடி மாற்றினேன். சீற் போடுகிற தம்பி, அண்ணை இனி மாற்ற வேண்டுமென்றால் வேறு பஸ் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வியாழன் இரவு மாங்குளச் சந்தியில் ஏற வேண்டும். குசினி மூலையில் இப்போதே ஒரு மூட்டை தயாராகிறது: தூள், ஒடியல் மா, ஒரு போத்தல் தேன், பேப்பரில் சுற்றிய பனங்கட்டி, மேலே சாம்பல் பூசிய ஒரு சின்னப் பொட்டலம். மூன்றாம் மாடியில் கத்தரி எங்கே நடுவது என்று கேட்கவில்லை. இன்று காலை தேத்தண்ணீர் கொண்டுவந்தார், நான் போய் ஊற்றமுன்னமே. பார்த்தால் அந்த நல்ல கண்ணாடிக் கிளாஸ்.